பானைக் கழுத்தில் ஒரு இடுப்பெலும்பு

அத்தியாயம் பன்னிரண்டு

"அந்தப் படம் வீட்டுக்குள்ளதான் இருக்கு" என்று நிரோஷா சொன்னபோது சஞ்சீவனியின் வாயில் இடியப்பம் இருந்தது.

விழுங்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. இரண்டு நாளாக ஹந்தானை வீட்டையே தலைகீழாகப் புரட்டியவள் அவள். அலுமாரிக்குப் பின்னால், மெத்தைக்கு அடியில், அண்ணன் மோகனராஜின் மாநகர சபைக் கோப்புகளுக்கு நடுவில் என்று ஒரு எக்ஸ்ரே படம் ஒளியக்கூடிய எல்லா இடத்திலும் கையை விட்டுத் தேடினாள். அப்போதெல்லாம் அண்ணி நிரோஷா தையல் மெஷினில் கவிழ்ந்த தலை நிமிராமல் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

எந்தப் படம் என்று மறந்துபோனவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று வருடத்துக்கு முன் இவர்களின் தாய் இரத்தினம்மாவுக்கு வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். தேய்ந்துபோன எலும்பை எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டை இறக்கி, சிமெந்து வைத்து இறுக்கி, மேலே ஒரு குண்டைப் பொருத்தினார்கள். மூன்று வருடம் அந்த மூட்டு தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தது. இந்த ஒன்றரை மாதமாகத்தான் வலி.

போன வாரம் சஞ்சீவனி, தான் வேலை செய்யும் எக்ஸ்ரே நிலையத்தில், தன் கையாலேயே அம்மாவைப் படம் எடுத்தாள். சிமெந்துக்கும் எலும்புக்கும் இடையில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. டொக்டர் அஸீம் அதைப் பார்த்துவிட்டு, தண்டு தளர்ந்துவிட்டது போலிருக்கிறது, வெள்ளிக்கிழமை திறந்து மாற்றிவிடுவோம் என்று நாள் குறித்தார்.

இன்று புதன். பிற்பகல் நான்கு மணிக்கு அவரிடம் முடிவு சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஒப்பரேஷன் முதலாவது மாதிரி இல்லை. இறுகிப்போன சிமெந்தை உடைத்து எடுக்க வேண்டும், இரத்தம் அதிகம் போகும். இரத்தினம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. பத்து வருடத்துச் சீனி வியாதி, போதாக்குறைக்குப் போன வருடம் இதயத்தில் ஓர் அடைப்பு. மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் கையெழுத்து வாங்கும்போதே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த முகம் இன்னும் சஞ்சீவனியின் கண்ணை விட்டுப் போகவில்லை. அம்மா அந்த மேசையிலிருந்து எழும்பாமலே போய்விடுவாளோ என்ற பயம்.

ஆனால் அதைத் தவிர்க்க ஒரே ஒரு வழி இருந்தது. அந்தக் கறுப்புக் கோடு புதிதாக வந்ததா, முதல் நாளிலிருந்தே இருந்ததா? தண்டு கீழே இறங்கியிருக்கிறதா, வைத்த இடத்திலேயே நிற்கிறதா? ஒப்பரேஷனுக்கு மறுநாள் எடுத்த முதல் படம் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாம். அப்போதெல்லாம் பிலிமில் அடித்து நோயாளியின் கையில் கொடுத்துவிடுவார்கள். கொடுத்தார்கள். பிறகு அது காற்றில் கரைந்துவிட்டது.

"எங்க அண்ணி?" என்றாள் சஞ்சீவனி, இடியப்பத்தை ஒருவழியாக இறக்கிவிட்டு.

நிரோஷா தையல் மேசையின் லாச்சியை வெளியே இழுத்துத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து இரண்டு கரிய துண்டுகளை எடுத்து நீட்டினாள். ஓரங்கள் வழவழவென்று வளைந்திருந்தன.

"என்னா இது?"

"இது படகுக் கழுத்து. அது வந்து, முன்பக்கத்து வீ கழுத்து."

"அம்மாவோட எக்ஸ்ரேய வெட்டி ப்ளவுஸுக்குக் கழுத்து அச்சு செஞ்சிருக்கீங்களா?"

"பேப்பர் அச்சு மழை நாள்ல நமத்துப் போவுது சஞ்சீ. நாலு தரம் சோக்கால வரைஞ்சா ஓரம் பிஞ்சிரும். இது வெறைப்பா நிக்குது. ஒப்பரேஷன் முடிஞ்சிருச்சே, இனி யாருக்கு வேணும்னு நெனச்சேன்."

அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? கண்டியில் தையல் மெஷின் மிதிக்கும் பெண்களில் பாதிப் பேரின் லாச்சியில் யாருடைய நெஞ்செலும்போ முழங்காலோ கிடக்கத்தான் செய்யும். ஆனால் சஞ்சீவனிக்கு அந்த நேரத்தில் நியாயம் தெரியவில்லை.

"ரெண்டு நாளா நான் நாய் மாதிரி தேடுறப்ப ஏன் வாயத் திறக்கல?"

"ஒன் வாய்க்குப் பயந்துதான்."

தன் வாய் அப்படிப்பட்டதுதான் என்று சஞ்சீவனிக்கே தெரியும்.

கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த இரத்தினம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "வெள்ளனயே ஏன் சத்தம்? வெட்டுனது வெட்டுனதுதான். பேசாம ஒப்பரேஷனச் செஞ்சிருவோம்."

சஞ்சீவனி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிறவள் இந்த அம்மா. ஒரு வாரமாக ஒப்பரேஷன் ஒப்பரேஷன் என்று தானாகவே தலையை நீட்டுகிறாள். சேர்க்கைப் படிவத்தைக்கூட மோகனராஜிடம் சொல்லி உடனே நிரப்ப வைத்தாள். அதில் கணவர் பெயர் என்ற இடத்தில் மோகனராஜ் ஒரு கோடு இழுத்துவிட்டான். பதினொரு வருடத்துக்கு முன் மகனோடு மோதிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கிய ராஜரத்தினத்தின் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எழுதுவதும் இல்லை.

"மூணாவது துண்டு எங்க?" என்று கேட்டாள் சஞ்சீவனி. இடுப்பும் தண்டும் இருக்கும் பாகம் இந்த இரண்டிலும் இல்லை.

நிரோஷா உதட்டைக் கடித்தாள். "பானைக் கழுத்து. அது இராஜகுமாரிகிட்ட இருக்கு. இரவலா கேட்டா, குடுத்தேன்."

மார்க்கெட் மாடியில் இராஜகுமாரியின் தையல் கடை மூன்று பேர் நின்றால் நிரம்பிவிடும். ஹந்தானையிலிருந்து இறங்கிய த்ரீவீலர் சஞ்சீவனியையும் நிரோஷாவையும் வாசலில் விட்டபோது பதினொரு மணி. இராஜகுமாரி ஒரு கல்யாண ப்ளவுஸ் துணியின் மேல் அந்தப் பானைக் கழுத்தை வைத்துச் சோக்கால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிசம் அக்கா. கைய எடுத்தா கோணிப் போயிரும்."

சஞ்சீவனி அந்த ஒரு நிமிடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தாள். கோடு முடிந்ததும் துண்டை வாங்கி ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். வெளிச்சத்தில் வெள்ளைக் குண்டு தெரிந்தது. அதற்குக் கீழே தண்டின் தோள் போன்ற மேல் வளைவு, தொடை எலும்பின் மேல் முனை, நீண்டு இறங்கும் தண்டு. எல்லாம் ஒரே துண்டில். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அது யாரோடது?" என்றாள் இராஜகுமாரி.

"எங்கம்மா."

"அடக் கடவுளே. ஒரு வருசமா இந்த டவுன்ல பாதிப் பேருக்கு ஒங்கம்மாவ வச்சா கழுத்து வெட்டியிருக்கேன்?"

நிரோஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சஞ்சீவனி முறைக்கப் பார்த்தாள், அதற்குள் அவளுக்கும் வந்துவிட்டது. இரண்டு நாளில் நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

மூன்றரை மணிக்கு, எக்ஸ்ரே நிலையத்தின் வெளிச்சப் பெட்டியில் மூன்று கழுத்துகளும் கண்ணாடி டேப்பால் ஒட்டப்பட்டு மீண்டும் ஓர் இடுப்பாகியிருந்தன. இரத்தினம்மாவையும் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். நடுவில் அங்கங்கே ஓட்டை. இடது பக்கத்து இடுப்பும் வேறு சில பாகங்களும் என்றைக்கோ குப்பை லொறியில் போய்ச் சேர்ந்திருந்தன. வேண்டியது மட்டும் தப்பியிருந்தது. குண்டூசி குத்திய துளைகள், சோக்குத் தூள், எலும்புக்கு மேலேயே வெள்ளை மையால் ஓர் எண்.

டொக்டர் அஸீம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். "இதென்ன, எலும்புக்கு மேல முப்பத்தாறுன்னு எழுதியிருக்கு?"

"ப்ளவுஸ் அளவு டொக்டர்" என்றாள் நிரோஷா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"இருவத்திரண்டு வருஷமா எலும்பு பாக்கிறேன். கழுத்து வச்ச இடுப்ப இன்னைக்குத்தான் பாக்கிறேன்" என்றார் அவர். அவருக்குக் கோபம் இல்லை என்பது நிரோஷாவுக்குப் பெரிய ஆறுதல்.

சஞ்சீவனி அளவுகோலை எடுத்தாள். இந்த இடத்தில் அவள் யாருக்கும் சளைத்தவள் இல்லை. குண்டின் குறுக்களவு இருபத்தெட்டு மில்லிமீட்டர் என்று அம்மாவின் ஒப்பரேஷன் அட்டையிலேயே எழுதியிருந்தது. படம் பெரிதாக விழுந்தாலும் சிறிதாக விழுந்தாலும் குண்டை வைத்துக் கணக்குப் பண்ணினால் உண்மை அளவு வந்துவிடும். தொடை எலும்பின் மேல் முனையிலிருந்து தண்டின் தோள் வரை அளந்தாள். பழைய படத்தில் பதினான்கு மில்லிமீட்டர். புதிய படத்தில் அளந்தாள். அதுவும் பதினான்கு.

கறுப்புக் கோட்டைத் தேடினாள். முப்பத்தாறு என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே இடத்தில், அதே அகலத்தில், மூன்று வருடத்துக்கு முன்பே அது இருந்தது.

"தளரல டொக்டர்" என்றாள். "தண்டு இறங்கவும் இல்ல. கோடு மொதல் நாளே இருந்திருக்கு."

அவர் தானே அளவுகோலை வாங்கி மறுபடி அளந்தார். பிறகு தலையாட்டினார். "சரி, தளரல்ல. இரத்தப் பரிசோதனையும் நல்லா இருக்கு, கிருமியும் இல்ல. ஆனா அம்மாட வலி பொய் இல்லையே. அப்ப வலி எங்கேருந்து வருது?"

சஞ்சீவனி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. பட்டதும் அவள் முகம் சுண்டிவிட்டது.

பழைய படத்தில் உலோகத் தண்டு முழுதாக இருந்தது. நுனிக்குக் கீழே இன்னும் நாலு விரல் எலும்பு தெரிந்தது. அவள் எடுத்த புதிய படமோ நுனிக்கு மேலேயே முடிந்திருந்தது. உலோகம் முடியும் இடத்துக்குக் கீழே நாலு விரல் வரை படத்தில் விழ வேண்டும் என்பது அவள் தொழிலில் அரிச்சுவடி. அதில் கோட்டை விட்டிருந்தாள்.

ஏன் என்றும் ஞாபகம் வந்தது. அன்று அம்மா கவட்டைக்கு மேல் கையை வைத்து, "இங்கதான், இங்க மட்டுந்தான் வலி" என்றாள். சேலையைத் தொடைக்கு மேல் தூக்க விடாமல் மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேறு யாராக இருந்தாலும் சஞ்சீவனி ஓர் அதட்டுப் போட்டுத் துணி மாற்ற அனுப்பியிருப்பாள். பெற்றவளின் சேலையை விலக்க அவளுக்குக் கை வரவில்லை. அம்மாவுக்கும் வெட்கம், மகளுக்கும் வெட்கம், படம் பாதி.

"டொக்டர், பிழை என்னோடது" என்றாள். சொல்லும்போது குரல் உடையவில்லை, ஆனால் காது சூடாகிவிட்டது. "நான் நுனி வரைக்கும் எடுக்கல."

"பாதிப் படத்த வச்சு நாள் குறிச்சது என்ட பிழை" என்றார் அவர். "சரி, இப்ப முழுக்க எடுங்க."

அதுவரை மூலையில் நின்ற நிரோஷா மெல்ல வாயைத் திறந்தாள். "டொக்டர், மாமி எண்ணெ தேய்க்கிறது இடுப்புல இல்ல."

"நிரோஷா" என்றாள் இரத்தினம்மா, சக்கர நாற்காலியிலிருந்து.

நிரோஷா நிற்கவில்லை. இரண்டு நாள் மௌனம் அவளுக்குப் போதுமாகிவிட்டது. "யாரும் பாக்காத நேரமாப் பாத்து நடுத் தொடையிலதான் தேய்ப்பாங்க. போன மாசம் பாவாடைக்கு அளவு எடுத்தேன். டேப்பு அந்த எடத்துல பட்டதும் சுருக்குன்னு இழுத்துக்கிட்டாங்க. நான் அளவு எடுக்கிறவ டொக்டர், ஒடம்பு எங்க நோவுதுன்னு கைக்குத் தெரியும்."

"ஒன்னைய யாரு கேட்டா?" என்று முணுமுணுத்தாள் இரத்தினம்மா. ஆனால் முகம் வெளுத்திருந்தது.

எக்ஸ்ரே அறைக்குள் அம்மா மேசையில் படுத்தாள். பழையபடி ஒரு கை சேலைக்குப் போனது.

"அம்மா, இந்த ரூமுக்குள்ள நான் ஒங்க மக இல்ல" என்றாள் சஞ்சீவனி. "சேலைய விடுங்க."

இரத்தினம்மா மகளின் கண்ணைப் பார்த்தாள். கை தளர்ந்தது. சஞ்சீவனி சேலையை ஒதுக்கி ஒரு வெள்ளைத் துணியால் மூடினாள். பாதத்தை மெதுவாக உட்பக்கம் திருப்பி, மணல் பையை முட்டுக் கொடுத்தாள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு படம், பக்கவாட்டில் இன்னொரு படம்.

டொக்டரும் நிரோஷாவும் உள்ளே வந்தபோது படம் திரையில் வந்தது. தண்டு அசையாமல் நின்றது. அதன் நுனிக்கு நேராக, தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில், தலைமயிர்த் தடிப்பில் ஒரு சாய்ந்த கோடு. அதைச் சுற்றி, ஆறின பாலில் ஆடை படிந்த மாதிரி ஒரு மங்கல் வெள்ளை.

டொக்டர் அஸீம் நீண்ட நேரம் பார்த்தார்.

"எலும்பு கீறியிருக்கு" என்றார். "முழுக்க ஒடியல்ல, விலகவும் இல்ல. சுத்தி வர புது எலும்பு வளந்து தானா ஒட்டிக்கிட்டு வருது. தண்டு இறுக்கமா நிக்குது. வெள்ளிக்கிழமை ஒப்பரேஷன் இல்ல."

"இல்லியா?" என்றாள் நிரோஷா.

"இல்ல. ரெண்டு பக்கமும் கம்பு ஊண்டணும், அந்தக் கால்ல பாரம் போடக் கூடாது. ஆறு கிழமை, ஒன்றரை மாசம். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா படம், நுனி வரைக்கும்." கடைசி இரண்டு வார்த்தைகளைச் சஞ்சீவனியைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தார். "விலகிச்சுன்னா தகடு வைக்க வேண்டி வரும். இன்ஷா அல்லாஹ், தேவைப்படாது."

சஞ்சீவனி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்துப்போன கை. இந்தக் கைதான் படத்தை வெட்டியது, இந்தக் கைதான் வலி எங்கே என்று கண்டுபிடித்தது. நன்றி சொல்ல அவள் பெரிய வாய்க்கு அப்போது ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. நிரோஷாவுக்கு அது போதுமாக இருந்தது.

"ஒன்னு மட்டும் கேக்கணும்" என்றார் டொக்டர், வாசலில் நின்று. "இது ஆறேழு கிழமைக்கு முந்தி வந்த கீறல். எப்ப விழுந்தீங்க அம்மா?"

"நான் எங்கயும் விழல" என்றாள் இரத்தினம்மா.

அவர் திரையையும் அவளையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். இனி அது வீட்டு விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கதவு சாத்தியதும் சஞ்சீவனி மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதீங்க அம்மா. அந்தப் பூசணிக்காய் அங்க தெரியுது பாருங்க."

இரத்தினம்மா தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். தன் தொடைக்குள் இருந்த அந்த மெல்லிய கோட்டை முதன்முதலாகப் பார்த்தாள். "எங்க விழுந்தேன்னும் அதுல தெரியுமா?"

"எடம் தெரியாது. நாள் தெரியும். ஆறேழு கிழமை. நீங்க கலகெதரைக்கு வீரம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்த கிழமை. அதுக்கப்புறம் நீங்க அங்க போகவே இல்ல."

இரத்தினம்மா வெள்ளைத் துணியின் ஓரத்தை விரலில் சுற்றினாள்.

"எலும்பு ஒடிஞ்சதச் சொல்றதுல என்னம்மா வெக்கம்? இதச் சொல்லாம இடுப்பத் தொறக்க விட்டிருப்பீங்களே. மேசையிலயே ஏதாவது ஆகியிருந்தா?" இப்போதுதான் சஞ்சீவனியின் குரல் உடைந்தது.

"ஒடிஞ்சதுன்னு சொன்னா எங்கன்னு கேப்பீங்க" என்றாள் இரத்தினம்மா. "தளந்துருச்சுன்னு டொக்டரே சொன்னப்ப, சரி, இதுக்கு யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு இருந்துட்டேன்."

"எங்கம்மா விழுந்தீங்க?"

இரத்தினம்மா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அதில் பயம் இல்லை. பிடித்துவைத்திருந்ததை இறக்கி வைக்கப் போகிற நிம்மதி இருந்தது.

"பன்விலயில. தோட்டத்து லயத்து வீட்டுப் படியில பாசி. வழுக்கிருச்சு."

நிரோஷா நிமிர்ந்தாள். கலகெதரை ஒரு திக்கு, பன்வில இன்னொரு திக்கு. இரண்டுக்கும் ஒரே பஸ் கிடையாது.

"பன்விலயில நமக்கு யாரு இருக்கா?" என்று கேட்ட சஞ்சீவனி, கேட்டு முடிக்கும் முன்பே பதிலைத் தெரிந்துகொண்டுவிட்டாள்.

"ரெண்டு வருசமா மாசத்துக்கு ரெண்டு தரம் போறேன். கலகெதரைக்குப் போனது மொத ரெண்டு தரந்தான்." இரத்தினம்மா சேலை முந்தானையை இழுத்து முழங்காலை மூடினாள். "விழுந்தவள ஒங்கப்பாதான் தூக்கி ஒக்கார வச்சாரு. அவருக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல. தடவித் தடவித்தான் தூக்குனாரு."

பதினொரு வருடமாக அந்தக் குடும்பத்தில் யாரும் உச்சரிக்காத மனிதர் அந்த எக்ஸ்ரே அறைக்குள் வந்து நின்றார்.

சஞ்சீவனியின் சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. அண்ணன். அவள் காதில் வைத்தாள்.

"நாலரை ஆச்சு, என்னா சொன்னாங்க?" மோகனராஜின் குரல் அவசரப்பட்டது. "ஒப்பரேஷன் உண்டா, இல்லியா?"

"இல்லண்ணே. மூட்டு நல்லா இருக்கு."

அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. சாமி பெயர் ஒன்று கேட்டது. பிறகு அவன் குரல் மாறியது. "அப்ப வலி எதனால? விழுந்தாங்களா? எங்க விழுந்தாங்க?"

சஞ்சீவனி நிரோஷாவைப் பார்த்தாள். நிரோஷா தன் கணவனின் கோபத்தை அறிந்தவள், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஏதாவது ஒன்றைச் சொல்லி இன்றைக்குச் சமாளித்துவிடலாம். குளியலறை என்று சொல்லலாம். பஸ் படி என்று சொல்லலாம். சஞ்சீவனியின் நாக்கில் அந்தப் பொய் தயாராகவே இருந்தது.

மேசையில் படுத்திருந்த இரத்தினம்மா கையை நீட்டினாள்.

"போன இங்க குடு" என்றாள். "நானே சொல்றேன்."